சுருள் நூல், ரோம நூல், வெல்வெட் நூல்: குல்லா ஏன் சரியாக வருவதில்லை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மகள் மேற்படிப்புக்கு மாண்ட்ரியால் போகிறாள். சாதா உல்லனில் ஸ்வெட்டர், மப்ளர் எல்லாம் பின்னிப் பழகிய கை உங்களுடையது. உறவினர் கொண்டுவந்து கொடுத்த மூன்று நூல்களில் அவளுக்குக் குல்லா பின்ன உட்கார்ந்திருக்கிறீர்கள்: சுருள் சுருளாக இருக்கும் பூக்லே, ரோமம் மாதிரி ஒன்று, வெல்வெட் மாதிரி ஒன்று. மூன்றும் சொதப்பிவிட்டன. பூக்லே குல்லாவில் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை மாறுகிறது. குரோஷாவில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியில், போட்ட ரோமக் குல்லா பானைமூடி மாதிரி விரிந்து நிற்கிறது. வெல்வெட் நாலு நாளில் தொளதொளத்துவிட்டது. "வயசாகிக் கை போய்விட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கை எங்கேயும் போகவில்லை. நான் குன்னூரில் பள்ளித் தையல் வகுப்பில் நிட்டிங் கற்றவள். டொராண்டோ பக்கம் வந்து 18 குளிர்காலம் ஆகிறது. இந்த மாதிரி நூல்களில் நான் கெடுத்த குல்லாக்களை அடுக்கினால் ஒரு அலமாரி போதாது. கெட்டதெல்லாம் அநேகமாக ஒரே காரணத்தால்தான் கெட்டது: நூல் பார்க்க அழகாக இருக்கிறதே என்று குல்லா முழுவதையும் அந்த நூலிலேயே பின்னினேன்.

சாதா உல்லனில் பாதி வேலையைக் கண் செய்கிறது. இரண்டு நெல்மணியைச் சாய்த்து வைத்தாற்போல ஒவ்வொரு கண்ணியும் தனியாகத் தெரியும். ஒன்று நழுவினால் உடனே கண்ணில் படும். மீதியை உல்லனின் இழுவிசை பார்த்துக்கொள்ளும். இரண்டு கண்ணி கூடக் குறைய இருந்தாலும் தலைக்குத் தக்கபடி அது நீண்டு சுருங்கிக்கொடுக்கும். இந்த விசித்திர நூல்களில் இரண்டுமே இல்லை. கண்ணுக்கு எதுவும் தெரியாது, நூலும் இழுத்தால் திரும்பி வராது. நூல் செய்யப்படும் விதத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பூக்லே உண்மையில் மூன்று நூல். நடுவில் ஒரு கரு நூல் ஓடும். அதன்மேல் இன்னொரு நூலை, கரு நூல் ஓடும் வேகத்தைவிட அதிக வேகத்தில் ஊட்டுவார்கள். அப்படி மிஞ்சும் நீளத்துக்குப் போக்கிடம் இல்லாமல் அது வளையம் வளையமாகத் துருத்திக்கொள்ளும். அந்த வளையங்கள் நகராதபடி மூன்றாவதாக ஒரு மெல்லிய நூலை எதிர்த்திசையில் முறுக்கிக் கட்டிப்போடுவார்கள். எனவே நீங்கள் ஊசியை நுழைப்பது கண்ணிக்குள்ளா, நூலிலேயே இருக்கும் அந்த வளையத்துக்குள்ளா என்பது உங்களுக்கே தெரியாது. வளையத்தில் நுழைந்தால் ஒரு கண்ணி கூடிப்போகும். கண்ணி என்று நினைத்து எதையோ தாண்டினால் ஒன்று குறையும். உங்கள் எண்ணிக்கை சுற்றுக்குச் சுற்று மாறிய கதை இதுதான். இதற்குக் கூர்முனை ஊசி ஆகாது. முனை மழுங்கிய ஊசி எடுத்துக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும்.

வெல்வெட் மாதிரி இருப்பது ஷெனில். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் கம்பளிப்பூச்சி என்று பொருள். நம் ஊரில் பெயர் வைத்திருந்தாலும் அதையேதான் வைத்திருப்போம். இரண்டு மெல்லிய கரு நூல்களை முறுக்கி, நடுவில் குட்டைக் குட்டையான மயிரிழைகளைச் சிறைப்பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பார்க்கத் தடிமனாக இருந்தாலும் தாங்குவது அந்த இரண்டு மெல்லிய நூல்கள் மட்டுமே. பலமாக இழுத்தால் மயிர் உதிரும், அல்லது நூல் அறுந்துபோகும். குரோஷாவில் மேஜிக் ரிங் (இழுத்தால் இறுகும் ஆரம்ப வளையம்) போட்டு இறுக்கும்போது ஷெனில் 'டப்'பென்று அறுபடுவது இதனால்தான். இன்னொரு குறையும் உண்டு. தளர்வாகப் பின்னினால், போட்டுக் கழற்றப் போட்டுக் கழற்ற, ஒவ்வொரு கண்ணியாகப் புழு மாதிரி நெளிந்து வெளியே தலை நீட்டும். நான் முதன்முதலில் ஆசையாகப் பின்னிய மரூன் நிற ஷெனில் குல்லா ஒரே மாதத்தில் புழுக்கூடை ஆனது. லேபிளில் சொன்ன ஊசியைவிட ஒன்று இரண்டு அளவு சின்ன ஊசியில் நெருக்கமாகப் பின்னுவதுதான் மருந்து. நெருக்கமாகப் பின்னினால் விரல் வலிக்கும், உண்மைதான். வழவழப்பான உலோக ஊசியாக இருந்தால் கொஞ்சம் தேவலை.

ரோம நூலில் இரண்டு ஜாதி. ஒன்று கண் இமை மாதிரி: மெல்லிய பாலியஸ்டர் நூலில் அங்கங்கே நீள மயிர் தொங்கும். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் இங்கேயும் அந்த நூலில் மப்ளர் பின்னாத ஆள் கிடையாது. பிறகு ஒரேயடியாக மவுசு போய்விட்டது. மற்றது இப்போது கிடைக்கும் அடர்த்தியான செயற்கை ரோமம், கையில் எடுத்தால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். உங்களிடம் இருப்பது இதுதான் என்று ஊகிக்கிறேன். இதில் கண்ணியைப் பார்த்து எண்ணவே முடியாது, விரலால் தடவித்தான் எண்ண வேண்டும். பகல் வெளிச்சத்தில், வெளிர் நிறத்தில் ஆரம்பியுங்கள். ராத்திரி டியூப் லைட்டில் கறுப்பு ரோமம் பின்னுவது பற்றி நான் சொல்லக்கூடிய வார்த்தை எதுவும் அச்சேறாது.

சரி, வழி என்ன?

குல்லாவுக்கு உருவம் கொடுக்கும் இடங்களைச் சாதா உல்லனுக்கு விட்டுவிடுங்கள். நெற்றியைப் பிடிக்கும் பட்டை, ஆரம்பச் சுற்று, மூட்டும் தையல் மூன்றும் அதே நிறத்து வழவழப்பான உல்லனில் வரட்டும். விசித்திர நூல் நடு உடம்புக்கும் உச்சிக்கும் மட்டும். பூக்லேயிலோ ரோமத்திலோ ரிப், அதாவது மேடும் பள்ளமும் மாறி மாறி வரும் இழுபடும் பின்னல், பின்னி என்ன பயன்? மேடு பள்ளம் எதுவும் தெரியாது, இழுத்தால் திரும்பாது, உழைப்புதான் வீண். அதேபோல இந்த நூலில் கேபிள், லேஸ் என்று டிசைன் எதுவும் வேண்டாம். வெறும் நிட், அதாவது சாதாரண நேர்க்கண்ணி, போதும். நிட் பின்னிவிட்டுக் குல்லாவை உள்வெளியாகத் திருப்புங்கள். வளையங்களும் மயிரும் பின்பக்கம்தான், அதாவது பர்ல் தெரியும் பக்கம்தான், அதிகமாகத் துருத்தி நிற்கும். வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றி நிட் மட்டுமே போட்டுவிட்டு, "கடையில் பார்த்த மாதிரி புசுபுசுவென்று வரவில்லையே" என்று வருத்தப்படுகிறவர்கள் பலர். அழகு முழுவதும் உள்ளே ஒளிந்திருக்கும். குரோஷாவிலும் இதே கதைதான். இரண்டு நிட், இரண்டு பர்ல் ரிப் இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால் பட்டைக்கு எந்தச் சேதமும் இல்லை.

அளவு பார்க்கும் சின்னத் துண்டைத் தவிர்க்காதீர்கள். பூக்லேயில் பத்து செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று அளவுகோல் வைத்து எண்ண வராது. எனவே தலைகீழாகச் செய்யுங்கள். சரியாக 24 கண்ணி ஏற்றி, ஒரு சாண் உயரம் பின்னி, முழு அகலத்தையும் அளந்து வகுத்துக்கொள்ளுங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓட்டைகள் தெரியும், ஓட்டைகளை எண்ணலாம்.

ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். தடித்த பூக்லேயில் 24 கண்ணி 20 செ.மீ. வந்ததாக வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 10 செ.மீ.க்கு 12. பெரியவர்கள் தலைச் சுற்றளவு சாதாரணமாக 54 முதல் 58 செ.மீ.க்குள் இருக்கும்; உங்கள் மகளுக்கு 56 என்போம். குல்லா தலையைவிடச் சின்னதாக இருந்தால்தான் பிடிக்கும். சாதா உல்லனில் 5 செ.மீ. வரை குறைக்கலாம். பூக்லே அவ்வளவு நீளாது என்பதால் 3 குறைத்தால் போதும். 53 செ.மீ.க்கு 63, 64 கண்ணி வருகிறது. 64 எடுத்துக்கொள்ளுங்கள், எட்டால் வகுபடும், உச்சியில் சௌகரியம்.

பட்டைக்குச் சாதா உல்லன் இதைவிட மெல்லியதாக இருக்கும். அது 10 செ.மீ.க்கு 18 கண்ணி வரும் நூல் என்றால், சின்ன ஊசியில் 84 கண்ணி ஏற்றி, இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப்பாக 12 செ.மீ. பின்னுங்கள். ஏன் அவ்வளவு என்றால், அதைப் பாதியாக மடிக்கப்போகிறோம்; காதின்மேல் இரட்டைத் துணி கிடைக்கும். ரிப் முடிந்ததும் ஒரு சுற்று: 2 நிட், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்று, இப்படி 20 முறை, மிச்சம் இருக்கும் 4 கண்ணியை அப்படியே பின்னுங்கள். 84 போய் 64 ஆகிவிட்டதா? இப்போது பெரிய ஊசிக்கும் பூக்லேக்கும் மாறி, 8 செ.மீ. போல நேராகப் பின்னிக்கொண்டே போங்கள்.

இங்கே எட்டு எட்டுக் கண்ணிக்கு ஒரு மார்க்கர் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் வளையம் வேண்டும் என்பதில்லை, மாற்று நிற நூலில் முடிச்சுப்போட்ட சின்ன வளையமே போதும். மார்க்கருக்கு மார்க்கர் எட்டு இருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பார்ப்பது, 64-ஐ ஒரே மூச்சில் எண்ணித் தொலைப்பதைவிட எவ்வளவோ மேல். உச்சிக்கு வந்ததும் ஒவ்வொரு மார்க்கருக்கும் முன்னால் உள்ள இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்குங்கள். 64 போய் 56. அடுத்த சுற்று சும்மா. அதற்கடுத்து 48. இப்படி ஏழு முறை குறைத்தால் எட்டே கண்ணி மிஞ்சும். சாதா உல்லனைக் கோத்து இழுத்துக் கட்டிவிடுங்கள். வலப்பக்கம் சாயும் குறைப்பு, இடப்பக்கம் சாயும் குறைப்பு என்று புத்தகங்களில் இருப்பதெல்லாம் இதற்கு வேண்டாம். சுருளுக்குள் எது எந்தப் பக்கம் சாய்ந்தது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

ஒவ்வொரு 5 செ.மீ.க்கும் ஒரு மெல்லிய தையல் நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்து விட்டுவையுங்கள். தப்பு நடந்தால் அதுவரை மட்டும் பிரிக்கலாம். இந்த நூல்களைப் பிரிப்பது தனி நரகம். மொஹேர், அதாவது அங்கோரா ஆட்டின் ரோமத்தில் செய்த நூல், இன்னும் மோசம். இழை ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதைப் பையில் போட்டு ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பிரித்தால் பிடி சற்றுத் தளரும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் என் வீட்டில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் பாதிக் குல்லா இருந்த நாட்கள் உண்டு.

இனி உங்கள் பானைமூடி. குரோஷாவில் உச்சியிலிருந்து ஆரம்பித்து வட்டமாக விரித்து வருகிறோம். தலைச் சுற்றளவிலிருந்து 3 செ.மீ. கழித்து 3.14-ஆல் வகுத்தால் வட்டத்தின் விட்டம் வரும். 53-க்கு ஏறத்தாழ 17 செ.மீ. அதோடு கண்ணி கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். ரோம நூலில் என்ன நடக்கிறது என்றால், கண்ணி தெரியாததால் ஒரே இடத்தில் இரண்டு முறை குத்துகிறோம். கேட்காமலே எண்ணிக்கை கூடிவிடும். போதாததற்கு அளவையும் மயிரோடு சேர்த்து வெளியே வைத்துப் பார்க்கிறோம். ரோமக் குல்லாவை எப்போதும் உள்பக்கம்தான் அளக்க வேண்டும். வெளியே பார்க்கப் பெரிய கோளமாக இருக்கும், உள்ளே குழந்தை தலைகூட நுழையாது. சில சமயம் நேர்மாறாக.

வழக்கமாகக் குரோஷா ஊசியை முந்தைய சுற்றின் கண்ணித் தலையில் நுழைப்போம். இந்த நூலில் அதை விட்டுவிட்டு, இரண்டு கண்ணிக் காலுக்கு நடுவில் உள்ள சந்தில் நுழையுங்கள். சந்து விரலுக்குத் தட்டுப்படும், கண்ணித் தலை தட்டுப்படாது. முதல் இரண்டு சுற்றைச் சாதா உல்லனில் போட்டுவிட்டால் மேஜிக் ரிங் இறுகாத தொல்லையும் இல்லை, நடு எது என்ற குழப்பமும் இல்லை. யூடியூப் பார்த்துப் போடுவதாக எழுதியிருந்தீர்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்பதைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் குரோஷா என்கிறார்கள். பள்ளியில் பிரிட்டிஷ் முறையில் கற்ற நம்மைப் போன்றவர்கள் அமெரிக்கக் குறிப்பில் டபுள் என்று இருப்பதைப் பார்த்துப் போட்டால் குல்லா குட்டையாகிவிடும்.

முடிந்ததும் மழுங்கிய பெரிய ஊசியாலோ சீப்பாலோ கண்ணிக்குள் மாட்டிக்கொண்ட மயிரையெல்லாம் மெதுவாக வெளியே இழுத்துவிடுங்கள். குல்லா அப்போதுதான் உயிர் பெறும். நூல் முனையை உள்ளே செருகுவதற்கு முன் கடைசி 10 செ.மீ.க்கு மயிரை ஒட்ட வெட்டிவிடுங்கள், கரு நூல் மட்டும் மிஞ்சும். அது சுலபமாகச் செருகும்.

மாண்ட்ரியால் குளிரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் குளிர்தான் இங்கே முக்கியம். ஜனவரியில் மைனஸ் 20-ஐத் தொடும் நாட்கள் உண்டு, அதோடு காற்று. வெளியே புசுபுசுவென்று இருக்கும் குல்லா சூடாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். சூடு காப்பது நூல் அல்ல, நூலுக்குள் அகப்பட்டு நகராமல் நிற்கும் காற்று. தடித்த பூக்லேயில் கண்ணிக்குக் கண்ணி ஓட்டை இருக்கிறது. பனிக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். மயிர் வெளியே இருந்து என்ன பயன்?

இதைக் கனடாவின் கிழக்குக் கரையில், நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் மக்கள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அங்கே கையுறை பின்னும்போது, முறுக்காத பஞ்சு போன்ற ஆட்டு ரோமத்தைச் சின்னச் சின்னக் கற்றையாக எடுத்து, சில கண்ணிக்கு ஒன்றாகச் சேர்த்துப் பின்னி, நுனிகளை உள்பக்கம் விட்டுவிடுவார்கள். வெளியே மழைத்துளி போலப் புள்ளி புள்ளியாக அழகு, உள்ளே மெத்தை. போடப் போட அந்த ரோமம் அமுங்கிக் கம்பளமாகவே ஆகிவிடும். அந்தக் கற்றைக்கு 'த்ரம்' என்று பெயர். தறியில் துணியை அறுத்தெடுத்த பின் மிஞ்சும் பாவு நூல் நுனிகளைத்தான் ஆங்கிலத்தில் முதலில் அப்படிச் சொன்னார்கள். 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மாலுமிகளும் உழைப்பாளிகளும் அந்த மாதிரிக் கழிவு நூலைக் குல்லாவின் வெளிப்பக்கம் குத்திக் குத்திச் சேர்த்து ரோமத் தொப்பி மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். காசு கொடுத்து ரோமம் வாங்க முடியாதவர்களின் ரோமம் அது. குல்லா அங்கே எவ்வளவு பெரிய தொழில் என்றால், 1571-இல் சட்டமே போட்டார்கள்: ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள், பெருங்குடியினர் தவிர, ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் உள்நாட்டில் செய்த கம்பளிக் குல்லா போட வேண்டும், போடாவிட்டால் அபராதம். 1597-இல் அதை ரத்து செய்தார்கள். பூக்லேக்கும் இப்படி ஒரு 'பெரிய இடத்து' ஆசை உண்டு. ஜின்னா தொப்பி படத்தில் பார்த்திருப்பீர்கள்; அது காரகுல் ஆட்டுக்குட்டியின் சுருண்ட ரோமத் தோல். கறுப்பு பூக்லேயில் மடிப்பு வைத்துப் பின்னினால், பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதுவேதான்.

உங்களுக்கு த்ரம் போட ரோமக் கற்றை கோவையில் கிடைப்பது சிரமம். அதற்குப் பதில் ஒரு சுலப வழி: ஃப்ளீஸ் துணியில் 10 செ.மீ. அகலப் பட்டை வெட்டி, காது நெற்றி வரும் இடத்தில் உள்ளே வைத்துத் தைத்துவிடுங்கள். துணி எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் சுற்றளவாக வர வேண்டும். கோணல் மாணலாகத் தைத்தாலும் பரவாயில்லை, தையல் இழுத்தால் நீள வேண்டும், அவ்வளவே. நெற்றி அரிப்பும் இதனால் போகும். மகளுக்குச் சுருட்டை முடியாக இருந்தால் ஃப்ளீஸுக்குப் பதில் உள்ளே முழுவதும் சாட்டின் வையுங்கள், முடி சிக்காது. நீளமாகப் பின்னல் போடுகிற பெண் என்றால் கொண்டைக்கு உச்சியில் ஓட்டை விடும் குல்லா இப்போது ஃபேஷன், ஆனால் மைனஸ் 20-இல் அந்த ஓட்டை எதற்கு? ஜடையைக் கோட்டுக்குள் விட்டுக்கொள்ளட்டும்.

துவைப்பதைப் பற்றி அவளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இங்கே துணியெல்லாம் டிரையரில்தான் போகும். ரோம நூலும் ஷெனிலும் பெரும்பாலும் பாலியஸ்டர். சூடு பட்டால் மயிர் பொசுங்கின மாதிரி முறுக்கிக்கொள்ளும், பிறகு எந்தச் சீப்பும் உதவாது. வெதுவெதுப்பான நீரில் கையால் அலசி, பிழியாமல் துண்டில் சுற்றி அமுக்கி, விரித்துக் காயவைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வரக்கூடாது.

கெட்டுப்போன மூன்றில், வெல்வெட்டைப் பிரிக்க வேண்டாம். பிரித்தால் மயிர் உதிர்ந்த நூல்தான் மிஞ்சும். பானைமூடியைக் கடைசியிலிருந்து விட்டம் 17 வரும்வரை மட்டும் பிரித்து, அங்கிருந்து கூட்டாமல் நேராக இறங்குங்கள். பூக்லேயை முழுவதும் பிரித்துப் பட்டையோடு மறுபடி போடலாம். தடித்த நூலில் ஒரு குல்லாவுக்கு நூறு, நூற்றிருபது மீட்டர் வேண்டியிருக்கும். பட்டைக்குச் சாதா உல்லன் வந்துவிட்டதால் அதிலும் குறையும். மறுபடி சந்தேகம் வந்தால் நூல் லேபிளில் உள்ள கிராம், மீட்டர் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். படம் பார்த்து பூக்லேயின் தடிமனைச் சொல்ல என்னால் முடியாது.